ஒன்பது அங்குல ஆரோக்கியம்மாள்

இறந்துபோனவர்களுக்கு அழகுணர்ச்சி போதாது என்பதை எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் திரு. லூர்துநாதன். கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். 2009ஆம் ஆண்டு ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்விட்டுக் கடலூர் திரும்பிய அவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். மாதா சுரூபம் ஏதாவது கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தோம். அவர் கொண்டுவந்திருந்தது கல்லறைகளின் போட்டோக்கள்.

"அங்க செத்தவங்களப் பாத்தாலே நமக்கு உடம்பு நடுங்குது," என்றார். "ஒவ்வொரு கல்லுலயும் எழுத்து அப்படி! கோதிக்! தடிமனா, கறுப்பா, மூலைக்கு மூலை கூரா. மூணு மாசம் பாத்தேன், ஒரு எழுத்துகூட என்னால படிக்க முடியல. அதுக்குப் பேருதான் மரியாதை. நம்ம கல்லறைத் தோட்டத்துல என்னா இருக்கு? அந்தோணி, மிக்கேல், ஞானப்பூன்னு ரேஷன் கடை போர்டு மாதிரி எல்லாத்தையும் எல்லாரும் படிச்சிட்டுப் போறாங்க. படிக்க முடியற ஒண்ணுமேல எவனுக்குங்க பயம் வரும்?"

கூட்டம் கைதட்டியது. பசி நேரம் அது.

பங்கின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நானும் செத்தால் அங்கேதான் போயாக வேண்டும். கடலூரில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கோயிலில் இரண்டு ஜன்னல்கள் மேலே கூராக முடிகின்றன. மூன்றாவது ஜன்னலை யாரோ ஒரு மேஸ்திரி சதுரமாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த இரண்டு ஜன்னல்களைச் சாட்சியாக வைத்து, எங்கள் பங்கின் கட்டடக் கலை கோதிக் என்றும், ஆகவே எங்கள் பிணங்களும் கோதிக் என்றும் லூர்துநாதன் முடிவு செய்தார். 'கல்லறைத் தோட்ட எழில் பேரவை' பிறந்தது. அவர் தலைவர். ஆங்கிலப் பள்ளி ஒன்றில் வைஸ் பிரின்சிபாலாக இருந்த ஆரோக்கிய ஜெனிபர் டீச்சர் செயலாளர். உறுப்பினர்கள் யார் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தீர்மானங்கள் மட்டும் ஏகமனதாக நிறைவேறிக்கொண்டிருந்தன.

ஜெர்மன்காரர்களின் எழுத்தில் தமிழ் கிடையாது என்பது பேரவையின் இரண்டாவது கூட்டத்தில் கவனத்துக்கு வந்தது. தேடி அலைந்து கடைசியில் சிதம்பரம் தெற்கு வீதியில் டி.டி.பி. கடை வைத்திருந்த சிவசங்கர் என்பவரிடம் கோதிக் தமிழ் எழுத்துரு ஒன்று தயாராகவே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 'கதீட்ரல் கறுப்பு' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு எழுத்தும் ஒரு தூண். தூணின் தலையிலும் காலிலும் கோடாலி முனை. சுழிக்க வேண்டிய இடத்தில் முள். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைரம். 'க'வும் 'த'வும் 'ச'வும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக நின்றன. நாலு எழுத்தைச் சேர்த்து வைத்தால் வீட்டு கேட்டுக்கு அடிக்கும் இரும்பு கிரில் மாதிரி இருந்தது. அதைப் பார்த்த லூர்துநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவசங்கர் விற்கும்போதே நியாயமாக ஒன்றைச் சொல்லியிருந்தார்: "சார், இது டிஸ்பிளே ஃபான்ட்டு. தலைப்புக்கு மட்டுந்தான். சின்னதாப் போட்டா ஒண்ணும் புரியாது." பேரவை இதைத் தீர்மானமாக மாற்றிக்கொண்டது: இனி எந்தக் கல்லறையிலும் எழுத்தின் உயரம் ஒன்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரிதாகப் போட்டாலும் ஒன்றும் புரியவில்லை என்பது தீர்மானத்தின் வரம்புக்குள் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆரோக்கியம்மாள் செத்துப்போனாள்.

அவளுடைய மகன் தைரியராஜ், சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவன். பத்து வருடத்தில் மூக்கு வாசனையை இழந்துவிட்டது. பொறுமையை மட்டும் அவன் இழக்கவில்லை. ஆரோக்கியம்மாள் அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்து, கட்டைவிரலில் இருந்த ரேகையே போய்விட்டது. எங்கே கைநாட்டு வைத்தாலும் வெறும் மை அப்பிக்கொள்ளும். கைநாட்டு வைக்கக்கூடத் தகுதியில்லாமல் போன பிறகுதான், நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்புக்குப் போய்த் தன் பெயரை எழுதப் படித்தாள். அதோடு நின்றுவிட்டாள். உலகத்தில் அவளால் படிக்க முடிந்த ஒரே சொல் 'ஆரோக்கியம்மாள்'. அதைப் பானையின் அடியில் எழுதினாள், கதவில் எழுதினாள், சுவரில் கரியால் எழுதினாள்.

சாகும்போது மகனிடம் ஒன்றுதான் கேட்டாள். "கல்லுல எம் பேர நல்லாப் புரியிற மாதிரி எழுதுடா. கடைசி நாள்ல எல்லாரையும் எழுப்புறப்ப நானே அதப் படிச்சிப் பாத்து, ஆமா இது என்னோட எடந்தான்னு தெரிஞ்சிக்கணும். மத்த பேரெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாதில்ல?"

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் அம்மாவுக்குக் கல் வைத்து, கல்லறை மந்திரிப்புக்குச் சாமி வரும்போது பெயரோடு அவள் இருக்க வேண்டும் என்று தைரியராஜ் முடிவு செய்தான். பங்குச் சாமியிடம் போனான். வயதான மனிதர், மெதுவாகத் தலையை ஆட்டினார். "அது இப்ப பேரவைக்குப் போயிடுச்சிப்பா. நானே அங்கதான் கேக்கணும்."

பேரவை மரியாதையாகவே வரவேற்றது. ஜெனிபர் டீச்சர் ஆரோக்கியம்மாளின் பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டு, அளந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க அம்மா பேரு ரொம்ப நீளம் தைரியராஜ். ஒன்பது அங்குலத்துல போட்டா கல்லு ரெண்டு பக்கத்துக் குழி மேலயும் போவும்."

"சின்னதாப் போடுங்க டீச்சர்."

"சின்னதாப் போட்டா எழில் போயிடும். ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பக்கத்துல இருக்கறவங்ககிட்டயும் ஆட்சேபணை இல்லன்னு வாங்கிட்டு வாங்க."

"அவுங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்களே."

"செத்தவங்கதான். செத்தவங்களுக்கும் உரிமை இருக்கில்ல?" என்று லூர்துநாதன் குறுக்கிட்டார். "அவுங்க உரிமையைப் பாதுகாக்கத்தான் பேரவையே இருக்கு. உயிரோட இருக்கறவன் கத்திக் கேட்டுக்குவான். செத்தவனுக்கு நம்மள விட்டா யாரு? அதுவும் அவன் நம்மகிட்ட எதுவும் கேக்கறதில்ல பாருங்க. அதனாலதான் எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு."

டீச்சருக்கு வேறொரு யோசனை வந்தது. "பேரைச் சுருக்கிடலாமே? 'ஆரோ'ன்னு போடலாம். மாடர்னா இருக்கும். எம் பேருல வர்ற ஆரோக்கியத்தக்கூட நான் போடறதில்ல."

"எங்கம்மாவுக்கு அந்தப் பேரு ஒண்ணுதான் டீச்சர் தெரியும். அதுலயும் பாதியப் புடுங்கிட்டா எப்படி?" என்றான் தைரியராஜ்.

அவன் கேட்டது பேரவையின் மனசைத் தொட்டிருக்க வேண்டும். வருங்காலத்தில் யாருக்கும் இந்தக் கஷ்டம் வரக் கூடாது என்று அடுத்த ஞாயிறே ஒரு சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. கர்ப்பிணிப் பெண்கள் பிறக்கப்போகும் குழந்தைக்கு நான்கு எழுத்துக்கு மிகாமல் பெயர் தேர்ந்தெடுக்க வேண்டும், கல்லறை அகலத்தை மனத்தில் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கப்படும் என்று உபதேசியார் கணீரென்று படித்தார். அந்த ஆண்டு எங்கள் பங்கில் பிறந்த ஆண் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜான். தெருவில் நின்று கூப்பிட்டால் ஏழெட்டு வீட்டிலிருந்து அழுகை கேட்கும்.

தைரியராஜுக்கு ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. எழுத்தைச் செய்தவனிடமே போய்க் கேட்டால் கொஞ்சம் மெலிதாக, புரிகிற மாதிரி செய்து கொடுக்க மாட்டானா? வாராந்தர லீவு நாள் ஒன்றில் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான்.

சிவசங்கர் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கல்லறைக்கா? எங்கிட்ட ஏதோ விழா மலருக்குன்னுதான சொல்லி வாங்கினாங்க! அண்ணே, இது டப்பிங் பேய்ப் படம் ஒண்ணுக்குப் போட்டதுண்ணே. போஸ்டர்ல மொத்தமே ரெண்டு வார்த்தை. பஸ்ல போறவன் பாத்தா ஒடனே பயப்படணும்னு தியேட்டர்காரரு சொன்னாரு. கொம்பும் கத்தியுமா வெச்சி ஒரே நாள்ல ஒப்பேத்தினேன். படம் மூணு நாள் ஓடுச்சி."

"எங்கம்மா பேர இதுல அடிச்சிக் காட்டுங்க தம்பி."

சிவசங்கர் அடித்தார். திரை முழுவதும் ஈட்டிகள் எழுந்து நின்றன.

"இதுல 'ம்' எங்க இருக்கு?" என்று தைரியராஜ் கேட்டான்.

சிவசங்கர் விரலை வைத்து இடமிருந்து எண்ணினார். "இதா இருக்கணும். அடிச்ச வரிசைய வெச்சிச் சொல்றேண்ணே. பிரிண்ட் போட்டு வெளிய போயிடுச்சின்னா எனக்கும் தெரியாது."

"கொஞ்சம் மெல்லிசா பண்ண முடியாதா? அந்த முள்ளுங்களயாவது எடுத்துட்டு?"

"முள்ள எடுத்துட்டா அது சாதாரணத் தமிழ்ண்ணே. அதுதான் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓசில இருக்கே! அத வாங்கறதுக்கு எதுக்குக் கார் வெச்சிக்கிட்டு சிதம்பரம் வந்தாங்க உங்காளுங்க?"

பஸ்ஸில் திரும்பும்போது தைரியராஜுக்கு உற்சாகமாகவே இருந்தது. பேய்ப் பட போஸ்டர் எழுத்து என்று சொன்னால் எந்தக் கிறிஸ்தவன் அதை அம்மா தலைமாட்டில் வைப்பான்? நேரே லூர்துநாதன் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். லூர்துநாதன் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது முகம் பிரகாசமாகிவிட்டது.

"பேய்ப் படமா? ஆவிகளுக்கு உண்டான எழுத்துன்னு செஞ்சவனே ஒத்துக்கிட்டானா? நான் சொன்னப்ப ரெண்டு பேரு சந்தேகப்பட்டாங்க. ரொம்ப நல்ல காரியம் பண்ணினே தைரியராஜ். இத அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன்."

சொல்லவும் செய்தார். தைரியராஜின் தேடலுக்குப் பேரவை ஒருமனதாக நன்றி தெரிவித்தது.

வேறு வழியில்லாமல் அவன் ஒத்துக்கொண்டான். பெயரை மூன்று துண்டாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க அனுமதி கிடைத்தது. அப்படி அடுக்கியதில் கல் ஒரு ஆளின் இடுப்பு உயரத்துக்குப் போயிற்று. பிறந்த தேதியும் இறந்த தேதியும் இடமில்லாததால் விடப்பட்டன. கல் செதுக்கும் வேலை பண்ருட்டி ரோட்டில் பட்டறை வைத்திருந்த கலியமூர்த்திக்கு. அவர் பேரவை கொடுத்த தாளைக் கல்லில் ஒட்டி, கறுப்பாக இருக்கும் இடத்தையெல்லாம் விட்டுவிட்டு மீதியைக் கொத்தி எடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எது மேல்பக்கம் என்பதிலும் அவ்வப்போது சந்தேகம் வரும்.

முதல் கல் தலைவருடைய தகப்பனாருக்கு. திறப்பு விழாவில் லூர்துநாதன் அரைமணி நேரம் பேசினார். "இந்த மேல இருக்கற கூருங்களப் பாருங்க, அப்படியே வானத்த நோக்கி எழும்புது. எங்கப்பாவோட ஆன்மா ஏறிப்போன பாதை எனக்குக் கண்ணால தெரியுது," என்று சொல்லி அழுதார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கலியமூர்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. தைரியராஜின் காதில் குனிந்தார்.

"தம்பி, கல்ல தலைகீழா நட்டுட்டாங்க. அடியில போட்ட என்னோட உளி அடையாளம் மேல நிக்குது பாருங்க. சொல்லிடட்டா?"

"வேணாங்க. சொன்னா கமிட்டி போட்டு விசாரிப்பாங்க. எங்கம்மா கல்லு அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போயிடும்."

இரண்டு பேரும் கைதட்டினார்கள். அந்தக் கல் இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் முதலில் போட்டோ எடுக்கிறார்கள்.

அக்டோபருக்குள் தோட்டம் முழுக்கக் கற்கள் எழும்பிவிட்டன. பழைய கற்களை எடுத்துவிட்டுப் புதிது வைக்காதவர்களுக்குப் பங்கில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டோம் என்று பேரவை அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாகக் கறுப்பு முட்கள். எந்தக் குழியில் யார் என்று யாருக்கும் தெரியாது. தைரியராஜ் ஷிப்ட் முடிந்து தினமும் வந்து அம்மாவின் கல் முன்னால் முழங்காலிட்டு ஜெபித்தான். நெய்வேலியில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை சகாயசெல்வி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, அம்மாவ வேப்பமரத்துக்கு அந்தாண்ட பக்கந்தான வெச்சோம்? நீ இந்தாண்ட பக்கம் உக்காந்து அழுவுறியே?"

விசாரித்ததில் அவன் இத்தனை நாளும் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு இன்ஸ்பெக்டருக்கு ஜெபித்திருக்கிறான் என்று தெரிந்தது. அந்த இன்ஸ்பெக்டரின் குடும்பத்தார் கல்லறைத் தோட்டக் காவலாளியின் மனைவிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டைகள் வந்தன. ஒரு குழிக்கு மூன்று குடும்பம் சொந்தம் கொண்டாடியது. யாருமே வராத குழிகளும் இருந்தன.

புகார்களைப் பேரவை கவனமாகக் கேட்டது. கேட்டுவிட்டு, தவறு எழுத்தில் இல்லை, மக்களில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு 'எழில் எழுத்தறிவு முகாம்' ஆரம்பமாயிற்று. டாக்டரும் வக்கீலும் பள்ளி ஆசிரியர்களும் பெஞ்சில் உட்கார்ந்து ஈட்டிகளைப் பார்த்து முழித்தார்கள். படிக்க முடியாதவர்களின் பெயர் கரும்பலகையில் 'எழில் எழுத்தறிவற்றோர்' என்ற தலைப்பில் எழுதப்பட்டது. அந்தத் தலைப்பும் பெயர்களும் அதே எழுத்தில் இருந்ததால், யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. ஒருவர் துணிந்து எழுந்து, தலைவர் ஒரு வரி படித்துக் காட்டினால் எல்லாருக்கும் உதவியாக இருக்கும் என்றார்.

லூர்துநாதன் புன்னகைத்தார். "நான் படிச்சிட்டா நீங்க என் வாயப் பாத்துக் கத்துக்குவீங்க. அப்புறம் எழுத்த யாரு பாப்பாங்க? நான் சர்வீஸ்ல இருந்த காலம் பூராவும் எந்த ஃபைலயும் படிச்சதில்ல. படிச்சவன் எவனும் என் அளவுக்கு மேல வரல. ஒரு நிர்வாகி எழுத்தப் பாக்கணும், படிக்கக் கூடாது."

முகாம் அன்றோடு வெற்றிகரமாக முடிவுற்றது.

கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் பகலில் எல்லாரும் தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வழக்கம் அது. அவரவர் குழி எது என்று தெரியாததால், கைக்கு எட்டிய குழிக்கெல்லாம் அடித்தார்கள். தைரியராஜ் அம்மாவின் குழி முன்னால் உட்கார்ந்திருந்தான். கல்லைப் பார்த்தான். அந்த முட்களுக்கு நடுவில் அவனுடைய அம்மா எங்கேயும் இல்லை. அவனுக்குத் தாங்க முடியாத ஆத்திரம் வந்தது. அன்றைக்கு நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் எழுந்தான். சுண்ணாம்பில் கலப்பதற்காக வைத்திருந்த நீலத்தைக் கெட்டியாகக் கரைத்தான். குழியின் கால்மாட்டுச் சிமெண்ட்டில், சாதாரணத் தமிழில், குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதினான்: ஆரோக்கியம்மாள்.

சகாயசெல்வி அதைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது போதும்ணே. அம்மாவுக்கு இது போதும்," என்றாள்.

மறுநாள் மாலை ஊரே மெழுகுவத்தியும் சாமந்தியுமாக வந்து இறங்கியது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் திகைத்து நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கறுப்பு. கணவனைத் தேடியவர்கள், பிள்ளையைத் தேடியவர்கள், கையில் எரியும் மெழுகுவத்தியோடு வரிசைக்கு வரிசை அலைந்தார்கள். மெழுகு உருகிக் கையில் வழிந்தது. தைலம்மாள் என்று ஒரு வயதான அம்மாள், புருஷனின் குழியைத் தேடிக் களைத்துப்போய், வேப்பமரத்தடிக்கு வந்தாள். நீல எழுத்தைக் கண்டதும் நின்றாள்.

"ஆ... ரோ... அட, படிக்க முடியுதே! ஆரோக்கியம்மாளா? முந்திரிக்கொட்ட ஆரோக்கியம்மாதான? இது நல்ல பொம்பள. ஏம்மா, எங்க வூட்டுக்காரரு இங்கதான் எங்கயோ கெடக்குறாரு. நீ பாத்தா இதக் குடுத்துடு," என்று சொல்லி மெழுகுவத்தியை அங்கேயே ஊன்றினாள்.

பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. தெரியாத குழியில் வைத்து வேறு எவனுக்கோ போவதைவிட, தெரிந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்புவது மேல் அல்லவா? ஒவ்வொருவராக வந்தார்கள். "எங்கப்பாகிட்ட சொல்லிடு ஆரோக்கியம்மா", "எம் புள்ளகிட்ட குடுத்துடும்மா" என்று சொல்லிச் சொல்லி வைத்தார்கள். சாமி மந்திரிக்க வந்தபோது மொத்தத் தோட்டமும் இருட்டாகக் கிடந்தது. ஆரோக்கியம்மாளின் குழி மட்டும் கொழுந்துவிட்டு எரிந்தது. சாமி அவள் பெயரைச் சத்தமாகப் படித்துத் தீர்த்தம் தெளித்தார். அவருக்கும் அந்த ஒன்றைத்தான் படிக்க முடிந்தது. தைரியராஜ் விம்மி விம்மி அழுதான். நான் பார்த்தவரை சந்தோஷத்தில்தான்.

பேரவை மறுநாளே கூடியது. அனுமதியில்லாமல் புரிகிற மாதிரி எழுதியதற்காகத் தைரியராஜுக்குக் கல்யாண ஓலை, ஞானஸ்நானம், அடக்கம் ஆகிய மூன்றையும் நிறுத்தி வைக்கலாம் என்று முதலில் யோசித்தார்கள். ஆனால் அடுத்த வாரமும் ஜனம் மெழுகுவத்தியோடு வந்தது. அதற்கடுத்த வாரம் திருவதிகைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. வேனில் வந்தவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. செத்துப்போன சொந்தக்காரர்களுக்குச் சேதி அனுப்பினால் போய்ச் சேருகிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். வேன் வந்ததைப் பார்த்ததும் லூர்துநாதனுக்கு விஷயம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

"நம்ம பங்குல ஒரு பெரிய எழுச்சி உண்டாகியிருக்கு," என்று மைக்கில் அறிவித்தார். "இதுக்குக் காரணம் என்னான்னு ஆராய்ஞ்சோம். கோதிக் எழுத்து! அது வந்த பிறகுதான ஜனங்க இங்க வர்றாங்க? ஜனங்க எப்பவும் சுலபமானதத்தான் தேடிப்போவாங்க. அதத் தடுத்து நிறுத்தி உன்னதமா மாத்திக் குடுக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோம். அந்த அம்மாவுக்குப் பேரவை தகுந்த மரியாதை செய்யும்."

தைரியராஜ் அதை நம்பினான். அம்மாவுக்கு மரியாதை செய்கிறோம் என்றால் எந்த மகன் நம்பாமல் இருப்பான்? கலியமூர்த்தி கறுப்பு கிரானைட் பலகைகளோடு வந்தபோது ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தான். அதன்பிறகு தார்ப்பாய் கட்டி மறைத்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு, 2011 நவம்பர் இரண்டாம் தேதி, அண்ணனும் தங்கையும் பூவோடு போனார்கள். வேப்பமரத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு கட்டி வரிசை போட்டிருந்தது. வாசலில் உண்டியல். உள்ளே, குழி இருந்த இடத்தில், பழைய கல்லையும் பிடுங்கிவிட்டு, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கிரானைட் மேடை. கம்பைத் தூக்கிவிட்டு உள்ளே நுழையப் போனவனை ஜெனிபர் டீச்சர் தடுத்தார்.

"டீச்சர், இது எங்கம்மா."

"இப்ப எல்லாருக்கும் அம்மாதான் தைரியராஜ். லைன்ல வாங்க."

லைனில் போனார்கள். வெயில் சாயும் நேரத்தில் மேடையை அடைந்தார்கள். மேடை முழுக்க ஒன்பது அங்குல முட்கள், வரி வரியாக. நீலம் தீட்டிய சிமெண்ட் அதற்கடியில் எங்கேயோ இருந்தது. சகாயசெல்வி குனிந்து கல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இதுல அம்மா பேரு எங்கண்ணே? அம்மா எழும்பி வந்தா எப்படிக் கண்டுபுடிக்கும்?"

தைரியராஜ் திரும்பி டீச்சரைக் கேட்டான். "எங்கம்மா பேரு எந்த வரில இருக்கு டீச்சர்?"

"பேரா? பேரு போடல," என்றார் டீச்சர். "இது பொது இடமாயிடுச்சி இல்ல? இதுல தனிப்பட்ட ஒருத்தர் பேரப் போட்டா மத்த ஆன்மாக்களுக்குப் பாரபட்சம் பண்ண மாதிரி ஆயிடும். பேரவைல எல்லாருமே அதத்தான் சொன்னாங்க."

"அப்ப இங்க படுத்திருக்கறது யாரு?"

டீச்சர் வாட்சைப் பார்த்தார். "பின்னால ஜனம் நிக்குது பாருங்க. வெச்சிட்டு நகருங்க."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவன் பூவை வைத்துவிட்டு நகர்ந்தான்.